நான் வைத்த தகடும் சுமதியின் பரீட்சையும்

மெக்கானிக் வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் நீங்கள் என்னை விடுவதாக இல்லை. கடைப்பக்கம் டீ குடிக்க வந்தால்கூட யாராவது கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று கேட்கிறீர்கள், "மாமா, இந்த வண்டிக்கு ஈ.ஜி.ஆர அடச்சி வுட்டுடலாமா, வேணாமா?" கேட்கிற ஆளின் கையில் ஏற்கெனவே தகடு இருக்கும். நான் தலையை ஆட்ட வேண்டியதுதான் பாக்கி. என் தலை அவ்வளவு சுலபமாக ஆடாது. ஏன் ஆடாது என்று ஒரு தடவை உட்கார்ந்து சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகாவது நிம்மதியாக டீ குடிக்க விடுங்கள்.

தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சைலன்சர் வழியாக வெளியே போக வேண்டிய புகையில் ஒரு பங்கைப் பிடித்து, திரும்ப எஞ்சினுக்குள்ளேயே அனுப்புகிற ஏற்பாடுதான் இந்த ஈ.ஜி.ஆர். நடுவில் ஒரு வால்வு இருந்து, எப்போது எவ்வளவு விடலாம் என்று திறந்து மூடும். இதனால் உள்ளே எரிகிற சூடு தணிகிறது, கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு குறைகிறது. ஆனால் திரும்பி வருவது புகைதானே, கரி படியும். கரி ஏறி வால்வு திறந்த வாக்கிலேயே சிக்கிக்கொண்டால் வண்டி கறுப்பாகப் புகை தள்ளும், மேடு ஏறாது, டீசலை மட்டும் நன்றாகக் குடிக்கும்.

அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம், புகை வருகிற குழாயின் வாயில் ஒரு இரும்புத் தகட்டை அளவாக வெட்டி வைத்து இரண்டு போல்ட்டை முறுக்கிவிடுவது. அரை மணி நேர வேலை. கடலூரில் நெல்லிக்குப்பம் ரோட்டில் எங்கள் பட்டறை இருந்தபோது, இந்தத் தகடு வைப்பதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. பண்ருட்டியிலிருந்து வண்டி கொண்டுவருவார்கள். எனக்கும் பெருமையில் தலைகால் புரியாது. பழைய வண்டிகளில் பம்பு, வால்வு எல்லாம் வெறும் இரும்பு. நீங்கள் அடைத்தாலும் அதற்குத் தெரியாது, திறந்தாலும் தெரியாது. நச்சு வாயு கூடத்தான் செய்தது. கண்ணுக்குத் தெரியாததால் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தக் காற்றைத்தான் நானும் என் பிள்ளைகளும் மூச்சாக இழுத்தோம் என்பது ரொம்ப நாள் கழித்து உறைத்தது.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் வண்டிகள் மாறிவிட்டன. எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஸ்கேனர் வைத்து வண்டி பார்க்கிற ஒரு பெண் இருந்தாள். டிப்ளமோ முடித்து வந்த பெண், என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். எனக்கு ஏதாவது சந்தேகம் என்றால் மற்றவர்களுக்குத் தெரியாமல் அவளிடம்தான் போவேன். அவள் ஒரு நாள் சொன்னாள்.

"சார், புது வண்டியில தகடு வெக்காதீங்க. வால்வ தொறன்னு சொல்லும், பொக வருதான்னு பாக்கும். வரலன்னா ரெண்டு மூணு தடவ பொறுத்துக்கும். அப்பறம் கோச்சிக்கும்."

"கோச்சிக்கினா என்னாம்மா பண்ணும்?"

"வேகத்த புடுங்கிக்கும் சார். நொண்டிக்கினு வீடு போய் சேருன்னு வுட்டுடும்."

நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். எத்தனை வண்டி அடைத்திருப்போம், எது கோபித்துக்கொண்டது என்ற திமிர்.

இப்போது கதைக்குள் ஏழுமலை வருகிறான். மேல்பட்டாம்பாக்கத்துக்காரன், சொந்தமாக, கம்ப்யூட்டர் வைத்த புது மாதிரிப் பதின்மூன்று சீட் வேன் ஒன்று வைத்திருந்தான். என்னை மாமா என்பான், நான் மாப்ளை என்பேன். சொந்தம் என்று தேடினால் நாலு தெரு சுற்றிப் போக வேண்டும், இருந்தாலும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். வேனை அவன் வைத்திருந்த அழகைப் பார்க்க வேண்டும். உள்ளே செருப்போடு ஏறினால் முகம் கோணும். முந்திரி சீசனில் காடாம்புலியூர்ப் பக்கம் தோப்புகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவான். மற்ற நாட்களில் கல்யாணம், கோயில், துக்கம் எல்லாவற்றுக்கும் போவான்.

அந்த வருஷம் முந்திரி சீசன் முடிகிற சமயம், ஒரு வெள்ளிக்கிழமை வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆக்சிலேட்டரைத் தொட்டால் பின்னால் கரும்புகை.

"மாமா, ஞாயித்துக்கெழம சுமதிக்கு பரீட்ச. செதம்பரத்துல சென்டர் போட்டுட்டாங்க. அவளோட படிக்கற பத்து பேரையும் ஏத்திக்கினு போறேன்னு ஒத்துக்கினேன். இந்தப் பொகையோட எப்டிப் போறது?"

சுமதி அவன் மனைவி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை ஒன்றிரண்டு மார்க்கில் போனது. மூன்றாவது தடவை பிரசவம் குறுக்கே வந்தது. இது நான்காவது, இதுதான் கடைசியும். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அவர்கள் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் என்று யாரும் வாங்கியதில்லை. ஏழு மாதக் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் படித்ததை அந்தத் தெருவே பார்த்திருக்கிறது.

ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிப் பார்த்தேன். அடை அடையாகக் கரி. வால்வு திறந்தபடி சிக்கியிருந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? இவ்வளவு கரி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். வண்டி எங்கெங்கே போனது, யார் எதைத் தொட்டார்கள் என்று அவனை உட்கார வைத்து விசாரித்திருக்க வேண்டும். நான் விசாரிக்கவில்லை. எனக்குத்தான் கை ராசி இருக்கிறதே. தகட்டை வெட்டினேன், வைத்தேன், முறுக்கினேன். ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். புகை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஏழுமலை என் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். அதற்கு நான் கூச்சப்படவும் இல்லை.

அது மட்டுமா, என் கைவேலை எப்படி ஓடுகிறது என்று நானே பார்க்க வேண்டும் என்று ஆசை வேறு. சிதம்பரத்தில் என் மகள் வீட்டுக்குப் போகிற சாக்கில் ஞாயிற்றுக்கிழமை காலை நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

கிளம்பும்போதே தாமதம். யாரோ ஒருவர் ஹால் டிக்கெட்டை வீட்டில் மறந்துவிட்டு, அதை எடுத்துவர ஒரு பைக் போய் வந்தது. கடலூரைத் தாண்டும்போது எட்டு மணி ஆகப் போகிறது. ஒன்பதே முக்காலுக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு ஒரு ஆளையும் உள்ளே விட மாட்டார்கள். இருந்தாலும் ஒரு மணி நேரப் பாதைதானே. வண்டி ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்து, "வண்டி எப்டிம்மா போவுது?" என்று கேட்டு நானே பாராட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆலப்பாக்கம் நெருங்கும்போது டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த நொடியே பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தது போல வண்டி சுணங்கியது. ஏழுமலை ஆக்சிலேட்டரை மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பி அணைத்து மறுபடி போட்டான். விளக்கு அணைந்தது, வண்டி பறந்தது. இரண்டு கிலோமீட்டர் போய் மறுபடி அதே கதை. மறுபடி அணைத்துப் போட்டான், அரை கிலோமீட்டர்தான் போனது. மூன்றாவது தடவை விளக்கு அணையவே இல்லை.

இங்கேதான், தம்பிகளா, கவனமாகக் கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மஞ்சள் விளக்கு முதல் தடவை எரிந்தபோதே அந்த ஸ்கேனர் பெண் சொன்னது காதில் கேட்டது. வண்டி கோபித்துக்கொண்டுவிட்டது. காரணம் என் தகடு. ஆனால் பின்னால் பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் முன்புதான் அவர்களிடம் பாராட்டு வாங்கினேன். ஏழுமலை என் வாயையே பார்க்கிறான்.

நான் சொன்னேன், "டீசல்ல ஏதோ குப்ப மாப்ள. எங்க போட்ட?"

"வழக்கமா போடற டீசல் பங்க்லதான் மாமா."

"அவுங்க டேங்க் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். தண்ணி கலந்திருக்கும். எறங்கு, பில்டர பாத்துடலாம்."

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். இறங்கினேன். பானெட்டைத் தூக்கினேன். டீசல் பில்டரின் அடியில் இருக்கிற திருகைத் திறந்து கொஞ்சம் டீசலை ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்தேன். வெயிலில் தூக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. "லேசா கலங்கலா இருக்குது" என்றேன். பிறகு கைப்பம்பை அமுக்கி அமுக்கி, இல்லாத காற்றை வெளியே எடுத்தேன். வியர்வை கொட்டியது. பார்க்கிறவர்களுக்குப் பெரிய வேலை நடப்பது போலத்தான் இருந்திருக்கும். பதினைந்து நிமிஷம்.

தகடு வைத்தது ஒரு தப்பு. எந்த மெக்கானிக்கும் செய்கிற தப்பு. கழற்றி எறிந்தால் தீர்ந்தது. அந்தப் பதினைந்து நிமிஷம் அப்படி இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. ஒரு பெண்ணின் கடைசிப் பரீட்சை நேரத்தை எடுத்து என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சுமதி வேனிலிருந்து இறங்கி வந்தாள். புத்தகத்தை நெஞ்சோடு பிடித்திருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நெசத்த சொல்லுங்க. இந்த வண்டி எங்கள கொண்டுபோய் சேக்குமா, சேக்காதா? சேக்காதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நடந்தாவது போறேன்."

பம்பிலிருந்து கையை எடுத்தேன்.

"டீசல் இல்லம்மா. நான் வெச்ச தகடுதான். இப்பதான் எனக்கு வெளங்குது."

முதல் வாக்கியம் நிஜம். கடைசி வாக்கியம் பொய். பாதி நிஜத்தைச் சொல்லிவிட்டு மீதிக்கு ஒரு பொய்யை முட்டுக்கொடுத்தேன் பாருங்கள்.

ஏழுமலைக்கு முகம் செத்துவிட்டது. "கழட்டிடுங்க மாமா. இப்பவே கழட்டிடுங்க" என்று ஸ்பேனரை எடுத்து என் கையில் திணித்தான். பின்னால் இருந்தவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். ஒருவர் பஸ்ஸைக் கை காட்டினார். அன்றைக்குச் சிதம்பரம் போகிற பஸ் எல்லாவற்றிலும் பரீட்சைக் கூட்டம், படியில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். ஒரு வண்டி வேகத்தைக் குறைக்கவே இல்லை. இன்னொன்று குறைத்து, எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு மறுபடி முறுக்கிக்கொண்டு போனது.

கையில் ஸ்பேனர். மணி எட்டு ஐம்பத்தைந்து. சென்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். எனக்குக் கை துறுதுறுக்கிறது. கெடுத்தவன் நான், நானே சரி செய்து காட்டிவிட்டால் போன மானம் திரும்பி வந்துவிடும். ஆனால் ஒரு நிமிஷம் நின்று கணக்குப் போட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

தகட்டைக் கழற்ற இருபது நிமிஷம். அதற்குப் பிறகு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் இருபத்திரண்டு நிமிஷம். மொத்தம் நாற்பத்திரண்டு. தொடாமல் இப்படியே நொண்டிக்கொண்டு போனால்? சுணங்கின வண்டி முப்பது ஓடுகிறது. நாற்பத்து நான்கு நிமிஷம். வித்தியாசம் இரண்டே நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்காகக் கொதிக்கிற குழாயில் கை வைக்க வேண்டும். போல்ட் ஒன்று உடைந்தால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். உடையாவிட்டாலும், உள்ளே வால்வு கரியில் சிக்கித்தானே கிடக்கிறது. தகட்டை எடுத்தால் பழைய கரும்புகை திரும்ப வரும். அறுபது ஓடும் என்று யார் சொன்னது?

நொண்டுகிற வண்டி நின்றுவிட்ட வண்டி இல்லை. எஞ்சினைச் செய்தவன் யோசித்துத்தான் செய்திருக்கிறான். வேகத்தைப் பிடுங்கினானே தவிர காலைப் பிடுங்கவில்லை.

ஸ்பேனரைத் திருப்பி ஏழுமலையிடம் கொடுத்தேன். "கழட்டல. எல்லாரும் ஏறுங்க. இப்டியே போறோம்."

"மாமா, நீங்க பண்ணதுதான. சரி பண்ண முடியாதா?" அவன் இப்படி என்னிடம் பேசியதே இல்லை.

"முடியும் மாப்ள. ஆனா இப்ப நான் தொட்டா அது எனக்காவ தொடறது. சுமதிக்காவ தொடறதில்ல. ஏறு."

சுமதி அவனுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ஐயோ, அந்தப் பயணம். ஏ.சி.யை அணைத்து எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டோம். புதுச்சத்திரம் வருவதற்குள் எங்களை முந்தாத வண்டி இல்லை. டவுன் பஸ் முந்தியது. மினி லாரி முந்தியது. மீன்கூடை கட்டின டி.வி.எஸ். ஐம்பதில் ஒரு அம்மா, பக்கத்தில் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "என்னா, பொண்ணு பாக்கவா போறீங்க, இவ்ளோ மெதுவா?" என்று கேட்டுவிட்டு முந்திப் போனாள். வேனுக்குள் முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. பயந்து போயிருக்கிறவர்கள் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். பிறகு ஒருவர் பொது அறிவுக் கேள்வி கேட்க, மற்றவர்கள் பதில் சொல்ல, வேன் டியூஷன் சென்டர் ஆகிவிட்டது.

ஏழுமலை மட்டும் காலைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தான். "அழுத்தாத மாப்ள. அது குடுக்கறத வாங்கிக்க. ஜாஸ்தி கேட்டா இன்னும் கோச்சிக்கும்" என்றேன். என்னை முறைத்தான். ஆனால் காலைத் தளர்த்தினான்.

பி.முட்லூர் தாண்டியதும் பின்னாலிருந்து சுமதி கேட்டாள்.

"ஏங்க, சீசன் தொடக்கத்துல என் நைலக்ஸ் பொடவய கிழிச்சி எஞ்சின்ல என்னமோ கட்டினீங்களே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

நான் மெதுவாகத் திரும்பி ஏழுமலையைப் பார்த்தேன். அவன் ரோட்டை மட்டும் பார்த்தான்.

"என்னாடா கட்டின?"

"ஒண்ணுமில்ல மாமா. காடாம்புலியூர்ல தோப்புக்குள்ள செம்மண்ணு தூசி அப்டியே மேல ஏறுது. காத்து இழுக்கற வாயில ஒரு துணிய கட்டி வுட்டா தூசி உள்ள போவாதுன்னு..."

"எத்தன மடிப்பு?"

"நாலு" என்றான். பிறகு அவனாகவே, "எட்டு இருக்கும்" என்றான்.

எஞ்சின் மேல் இருக்கிற பாசத்தில் அதன் மூக்கில் எட்டு மடிப்புப் புடவையைக் கட்டியிருக்கிறான். காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து, அத்தனையும் கரியாகி, அந்தக் கரிதான் வால்வில் போய் உட்கார்ந்திருக்கிறது. நோய் புடவையில் இருக்க, நான் வால்வை அடைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஏர் பில்டர் இருக்கிற காற்றுப் பெட்டியை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

"அது நல்ல பொடவதான் மாமா" என்றாள் சுமதி. "கேக்காம கிழிச்சிட்டாரு." வேன் முழுக்க மறுபடி சிரிப்பு. ஏழுமலைக்கு அழுகிற முகம்.

அடுத்தது வெள்ளாற்றுப் பாலத்தின் ஏற்றம். முள் முப்பதிலிருந்து இறங்கி இருபதைத் தொட்டது. மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தால் வண்டிக்குப் பாரம் குறையும் என்பது போல எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நானும்தான். பாலம் சரிவுக்கு வந்ததும் பதின்மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

சென்டர் வாசலில் நின்றபோது ஒன்பது நாற்பத்திரண்டு. கேட்டில் ஒருவர் ஒரு கதவை ஏற்கெனவே சாத்திவிட்டு மற்றதில் கை வைத்திருந்தார். பத்துப் பேரும் குதித்து ஓடினார்கள். கடைசி வரிசையில் இருந்த சுமதி கடைசியாக இறங்கினாள். நாலு எட்டு ஓடினவள், நின்று, திரும்பி, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, நான் வெளிய வர்றதுக்குள்ள அத சரி பண்ணி வெய்யுங்க. திரும்பப் போவும்போது வேகமா போவணும். புள்ள பாலுக்கு அழும்."

பிறகு ஓடினாள். அவள் முந்தானை உள்ளே போனதும் இரண்டாவது கதவும் சாத்தப்பட்டது. நான் இறங்கி அப்படியே வேன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மகள் வீட்டுக்குப் போகவில்லை. எஞ்சின் ஆறுகிற வரைக்கும் இருந்து, நானும் ஏழுமலையும் வேலையில் இறங்கினோம். முதலில் புடவையை எடுத்தேன். என்ன நிறத்தில் இருந்ததோ தெரியாது, இப்போது செம்மண் நிறம். தகட்டைக் கழற்றினேன். ஒரு போல்ட் அப்படியே உடைந்து கையோடு வந்தது. ஏழுமலை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போய் இரண்டு பேருக்கும் டீ வாங்கிவந்தான். காலையிலிருந்து அவனுக்கு என் மேல் இருந்த கோபம் அந்த டீயோடு போய்விட்டது.

பக்கத்துக் கடையில் பல் விளக்குகிற பிரஷ் இரண்டு வாங்கி, டீசலில் முக்கி, வால்வைத் தேய்த்தோம். கறுப்பு மாவு போலக் கரி வந்துகொண்டே இருந்தது. வேறு போல்ட் தேடிப் போட்டு, வால்வைத் திரும்பப் பூட்டி, கம்ப்யூட்டர் பழைய கோபத்தை மறக்கட்டும் என்று பாட்டரி ஒயரைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்துப் போட்டேன். ஸ்டார்ட் பண்ணினால் விளக்கும் இல்லை, புகையும் இல்லை. தகடு இல்லாமல், எஞ்சினைச் செய்தவன் எப்படிச் செய்தானோ அப்படியே வண்டி ஓடியது. என் தகட்டோடு ஓடியதைவிட நன்றாக ஓடியது.

பரீட்சை முடிந்து எல்லாரும் வந்தார்கள். "எப்டிம்மா எழுதின?" என்று சுமதியைக் கேட்டேன்.

"எழுதியிருக்கேன் மாமா. கணக்குல எட்டு கேள்விய தொடல. உக்காந்ததும் கை நடுங்கிச்சி. நடுக்கம் நிக்கவே ஒரு கால் மணி ஆச்சி." புகாராகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். கால் மணி என்றால் பதினைந்து நிமிஷம். திரும்பி வருகிற வழியெல்லாம் வண்டி எண்பதில் பறந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.

சுமதி தேர்வானாள். ஏழுமலை பட்டறைக்கே வந்து, கிரீஸ் கையோடு இருந்த என்னைக் கட்டிப் பிடித்துச் சொன்னான். ஆனால் வரிசையில் பின்னால் வந்ததால், கடலூரில் இருந்த இடங்கள் எல்லாம் அவள் முறை வருவதற்குள் நிரம்பிவிட்டன. கிடைத்தது மங்கலம்பேட்டை. தினமும் விடிகாலை கிளம்பி, பஸ் மாறி மாறிப் போய், இருட்டிய பிறகு வீடு. அதையும் அவள் சந்தோஷமாகத்தான் செய்தாள். அரசாங்கச் சம்பளம் வந்த முதல் மாதமே தனக்கு ஒரு நைலக்ஸ் புடவையும், வேனுக்கு ஒரு புது ஏர் பில்டரும் வாங்கினாள். அந்த எட்டுக் கணக்கில் நாலு போட்டிருந்தால் அவள் கடலூரிலேயே இருந்திருப்பாள் என்ற நினைப்பு மட்டும் எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

மறு வருஷம் அந்தக் குழந்தைக்குக் காது குத்தினார்கள். பந்தியில் சுமதிதான் பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு வந்தபோது சொல்லிவிட்டேன். இதற்கு மேல் தள்ளினால் சோறு இறங்காது என்று தோன்றியது.

"சுமதி, அன்னைக்கி டீசல்ல ஒண்ணுமே இல்லம்மா. வெளக்கு எரிஞ்சப்பவே எனக்குத் தெரியும். தகடுதான்னு தெரிஞ்சிக்கினேதான் பதினஞ்சி நிமிஷம் பம்ப் அடிச்சேன். இப்பதான் வெளங்குதுன்னு உங்கிட்ட சொன்னது பொய்."

அவள் பாயசக் கரண்டியை நிறுத்தவே இல்லை.

"தெரியும் மாமா."

"எப்டித் தெரியும்?"

"வெள்ளிக்கெழம நீங்க வேல பாக்கும்போது அவருக்கு சோறு எடுத்தாந்தேன்ல. தகட்ட எந்தப் பக்கம் வெச்சீங்கன்னு நான் பாத்தேன். அன்னைக்கி ரோட்டுல பதினஞ்சி நிமிஷமும் நீங்க அந்தப் பக்கமே திரும்பல. டீசல், பம்ப், பில்டர், எல்லாத்தையும் பாத்தீங்க. அத மட்டும் பாக்கல. அதான் எறங்கி வந்து நெசத்த சொல்லுங்கன்னு கேட்டேன். கேக்கலன்னா நீங்களா சொல்லியிருக்க மாட்டீங்க."

இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். நான் குனிந்து சாப்பிட்டேன். அவள் கடைசியாகச் சொன்னதை மறுத்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அன்றைக்கும் தேடினேன், இன்றைக்கும் தேடுகிறேன். கிடைக்கவில்லை.